மூணாவது வில்லு

இல்லீங்க அமீரய்யா, எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. என் பேச்சே அப்படித்தான், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். அறுபதை நெருங்குற ஆளை, கோட்டைக்குக் கீழ, குதிரைத் தரகனும் கரும்புச்சாறு விக்கிறவனும் வேடிக்கை பாக்க, வெயில்ல நிக்க வெச்சு இழுய்யா வில்லைன்னா, கொஞ்சிக்கிட்டா பேச முடியும்? சின்ன வில்லை இழுத்தாச்சு. குமாஸ்தா எழுதிக்கிட்டாரா? சூதூன் மகன் யஹ்யா, முதல் வில்லு, காது வரைக்கும். காதுன்னே எழுதச் சொல்லுங்க. தாடைன்னு எழுதிடப் போறாரு. தாடைக்கும் காதுக்கும் நாலு விரக்கடைதான், ஆனா சண்டையில அந்த நாலு விரக்கடையிலதான் ஒருத்தன் சாவான், இல்ல பொழைப்பான்.

ஆமா, இன்னும் ரெண்டு இருக்கு. நடுவில்லு, பெரிய வில்லு. தெரியும். டமாரக்காரன் எங்க தெருவுல அடிச்ச அடியில எங்க வீட்டுக் கோழிக்கே விதியெல்லாம் மனப்பாடம். மூணும் காது வரைக்கும் வந்தா நான் சுல்தானோட படையாளு, மாசச் சம்பளம் உண்டு. ஒண்ணு தவறினாலும் பேரை அடிச்சுடுவீங்க, சம்பளம் போச்சு, வீட்டுல இருக்கிற ஆயுதமும் போச்சு. அதுவும் எப்படி? சோதனை நடத்தின அமீரே நேர்ல அந்த வீட்டுக்குப் போய், உள்ள நொழஞ்சு, தன் கையால எடுத்துட்டு வரணும். ஆள் அனுப்பக் கூடாது. போன தடவை குமாஸ்தாக்களை அனுப்பினப்போ நல்ல வாளெல்லாம் வழியிலயே துருப்புடிச்ச வாளா மாறிடுச்சாமே. உங்களைச் சொல்லலீங்க குமாஸ்தா, நீங்க புதுசு.

பாவம், இன்னிக்கு சாயந்தரம் அல்வாக்கடை பரகாத் வீட்டுக்கு நீங்களே போகணும். எனக்கு முன்னாடி வந்து நடுவில்லுல தோத்தாரே, அவருதான். நாணைப் பாதியில விட்டு, வில்லு திரும்பி மோவாயில அறைஞ்சுது பாருங்க, மைதானமே சிரிச்சுது. நான் சிரிக்கல. அவரோட அப்பா யாரு தெரியுமா? சைப்ரஸ் தீவைப் புடிச்சப்போ மொதக் கப்பல்லேர்ந்து குதிச்ச ஆளு. அப்பன் தீவைப் புடிச்சான், மகன் அல்வா கிண்டுறான். ஏன் கிண்டுறான்? வேற என்ன செய்ய விட்டீங்க அவனை?

இருங்க, இருங்க. நடுவில்லை எடுக்கத்தான் போறேன். எடுத்துட்டேன், பாருங்க. நாணைத் தடவிப் பாத்துட்டுத்தான் இழுக்கணும், அது முறை. வில்லைப் பத்தி நாலு பாகத்துல புஸ்தகம் எழுதினவன் நான். உங்க பாளையத்துல பசங்களுக்கு அதை வெச்சுத்தான் பாடம் நடக்குது. எழுதினவன் பேரை மட்டும் மொத ஏட்டோட கிழிச்சுட்டாங்க. உங்க பக்கத்துல நிக்கிற மஞ்சத் தொப்பித் தம்பி சிரிக்கிறாரு. சிரிங்க தம்பி. பாளையத்துலேர்ந்து வந்து எத்தனை நாளாச்சு? இன்னும் மீசை சரியா வரல. அல்லாஹ் நாடினா நாளைக்கு நீங்க சுல்தானாகலாம். நிஜமாத்தான் சொல்றேன். நான் ஆக முடியாது. என் வம்சத்துல எவனும் ஆக முடியாது. இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

என்னவா? சொல்றேன் அமீரய்யா, கேட்டுட்டீங்க. எங்கியோ வடக்க மலையில ஒரு பையன் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருப்பான். பஞ்சம் வரும். பெத்தவனே வித்துடுவான், இல்ல பக்கத்து ஊர்க்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். கருங்கடல்ல கப்பல், அப்புறம் இந்தக் கடல், அப்புறம் நம்ம ஊரு அடிமைச் சந்தை. சுல்தான் வாங்குவாரு. பாளையத்துல போட்டு கலிமா சொல்லிக்குடுத்து, குதிரை, ஈட்டி, வில்லு, எல்லாம் பழக்கி, ஒருநாள் விடுதலைச் சீட்டைக் கையில குடுத்து ஒரு குதிரையும் குடுப்பாங்க. அன்னிலேர்ந்து அவன் ஆளப் பொறந்தவன். அமீர் ஆவான், சுல்தானும் ஆவான். நல்லாத்தான் இருக்கு. உலகத்துல இப்ப வேற எங்கயுமே சந்தையில வெல போனவன் ராஜாவா ஒக்காந்து, வெல போகாதவன்லாம் கை கட்டி நிக்கிறது கெடையாது.

ஆனா அவனுக்கு ஒரு புள்ள பொறந்தா? இந்த ஊர்ல, நைல் தண்ணி குடிச்சு, பொறக்கும்போதே சுதந்திரமா, பொறக்கும்போதே முஸ்லிமா பொறந்த புள்ள? அவன் எதுக்கும் ஆக மாட்டான். அடிமையா வந்திருந்தா ஆளலாம். அடிமையா வராதது அவன் செஞ்ச குத்தம். எங்களுக்குப் பேரு வேற வெச்சிருக்கீங்க, மனுசங்க புள்ளைங்கன்னு. அப்போ நீங்கதான் மனுசங்க. நாங்க அவங்களோட புள்ளைங்க, அவ்வளவுதான். மனுசங்களாக எங்களுக்கு இன்னும் உத்தரவு வரல.

பேசிக்கிட்டே இழுத்தேன், கவனிச்சீங்களா? காது வரைக்கும். டமாரத்தை ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க, அப்பத்தான் எறக்க முடியும். தட்டுய்யா! ... ஹப்பா. இப்ப மெதுவா திருப்பி விடணும். அம்பு இல்லாத நாணைப் படார்னு விட்டா வில்லு சிதறிடும். பரகாத்துக்கு யாரும் இதைச் சொல்லிக்குடுக்கல. எழுதிக்கிட்டீங்களா குமாஸ்தா? ரெண்டாவது வில்லு, காது.

ஒரு வாய் தண்ணி கெடைக்குமா? ஆண்டவன் உங்களை நல்லா வைக்கட்டும்.

மூணாவதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன். விதியில இருக்கு, மூச்சு விட்டுக்கலாம். நீங்க அந்த நெழல்ல ஒக்காந்து கேளுங்க. அமீர்னா கேக்கவும் செய்யணும். உங்க அரபி கொஞ்சம் கரடுமுரடா இருக்கு, தப்பா நெனைக்காதீங்க, ஆனா கேக்க அது போதும். நான் நிதானமாவே பேசுறேன்.

சுல்தான் செத்தா என்ன பண்றோம்? அவரோட மகனைத் தூக்கி சிம்மாசனத்துல வெக்கிறோம். ஆமா, வெக்கிறோம்! ஊர்வலம், கொடை, மத்தளம், எல்லாம் உண்டு. அந்தப் பையனும் நாமதான் சுல்தான்னு நெனைச்சுக்கிட்டு மொத நாளே நாலு உத்தரவு போடுவான். அதுக்குள்ள பெரிய அமீருங்க உள்ள ஒக்காந்து, அடுத்தது யாருன்னு அடிச்சுக்குவாங்க. முடிவானதும் பையனை எறக்கி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதிர்ஷ்டம் இருந்தா உயிரோட. கூட்டத்துல எடம் புடிக்கத் துண்டு போட்டு வெப்பாங்களே, அந்தத் துண்டுதான் சுல்தான் மகன். ஆளு வந்ததும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்குவாங்க. இதுலயும் ஒரு பெருமை பாருங்க. சுல்தான் மகன் சிம்மாசனத்துத் துண்டு. நாங்க கைதொடைக்கிற துண்டு.

இந்துஸ்தானத்துலேர்ந்து மொளகு கொண்டாற ஒரு வியாபாரி எனக்குப் பழக்கம். அங்க டெல்லியிலயும் ஒரு காலத்துல அடிமைங்கதான் ஆண்டாங்களாம். ஆனா அங்க வாங்கின அடிமைக்கே பொண்ணைக் குடுத்து மருமகனாக்கி, அவன் மகளும் சிம்மாசனம் ஏறி, யானை மேல போனாளாம். பாத்தீங்களா, அங்க புள்ளைங்களுக்கு எடம் குடுத்தாங்கன்னேன். அதுக்கு அந்த ஆளு, அதனாலதான் சீக்கிரமே முடிஞ்சு போச்சு, இப்ப அவங்க கல்லறைதான் இருக்குன்னுட்டான். மொளகு விக்கிறவன் வாயி, காரமாத்தான் இருக்கும்.

ஆனா அவன் சொல்றது நெசம். அதுதான் என்னை இன்னும் எரிய வெக்குது. நான் படிச்சவன், ஒத்துக்கறேன், இந்தச் சட்டம் புத்தியுள்ள சட்டம். பட்டு மெத்தையில பொறந்தவன் குதிரை மேல தூங்க மாட்டான். மங்கோலியன் ஊர் ஊரா எரிச்சுக்கிட்டு வந்தப்போ, பாக்தாதே சாம்பலாப் போனப்போ, ராஜா மகனுங்கல்லாம் ஓடுனானுங்க. நின்னு அடிச்சவன் சந்தையில வாங்கின ஆளு. அதை நானே ஒரு பாகம் பூரா எழுதியிருக்கேன். எழுதும்போது பெருமையா இருந்துச்சு. எழுதி முடிச்சு நிமிந்து பாத்தா, நான் பட்டு மெத்தையில்ல, பாய்ல ஒக்காந்திருக்கேன். இந்தச் சட்டத்துல எனக்கு மெத்தையும் வரல, குதிரையும் வரல.

எங்கப்பா சூதூனும் அமீர்தான். நாப்பது குதிரைக்காரனுக்கு அமீர். எங்கிட்ட அரபியில பேசுவாரு, தூக்கத்துல அந்த வடக்கு மலையோட சர்க்கேசிய பாஷையில பேசுவாரு. என்னைவிட அவரோட பாளையத்துல ஒண்ணா வளந்தவனுங்க மேலதான் உசுரு. அது தப்பில்ல, பத்து வயசுல அம்மா மடியிலேர்ந்து பிடுங்கினா பக்கத்துல படுத்திருக்கிறவன்தான் அம்மா. அவரு செத்தப்போ வாளு அதுல ஒரு கூட்டாளிக்குப் போச்சு. கவசம் இன்னொருத்தனுக்கு. குதிரைங்க லாயத்துக்கு. எனக்கு ஒரு வில்லு வந்துச்சு. ஏன்னு கேளுங்க. அதை ஒருத்தனாலயும் இழுக்க முடியல. இந்தப் பெரிய வில்லைவிட அது இன்னும் ஒரு பங்கு கனம். நானும் மொதல்ல திணறினேன். அப்புறம் தெனம் விடியக்காலம் ஃபஜ்ரு தொழுதுட்டு மாடிக்குப் போய் இழுக்க ஆரம்பிச்சு, இன்னி வரைக்கும் விடல. எதுக்குன்னு எங்க வீட்டுல கேப்பாங்க. எவன் கூப்பிடப் போறான் உங்களை, காக்காய் ஓட்டவான்னு. பாருங்க, கூப்பிட்டீங்களே.

மொகம் வாடுது உங்களுக்கு. வெயில் ஏறுது, கொடைய இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லுங்க. முடிச்சுடறேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு விவகாரம் நடந்துச்சே, நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. பாளையத்துல சர்க்கேசியப் பையன்னு வாங்கின ஒருத்தன், இந்த ஊரு ரொட்டிக்காரர் மகனாம்! வெளுப்பா இருந்திருக்கான். ஒரு வியாபாரி மூலமா வெளியூருக்குப் போய், வேற பேரோட திரும்பி வந்து, தன்னைத் தானே வித்துக்கிட்டான். எப்படி மாட்டுனான் தெரியுமா? புதுசா வந்த பசங்களுக்குத் தொழுகைக்குக் கை கால் கழுவ சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எல்லாப் பசங்களும் தண்ணிய மேல வாரி எறைச்சுக்கிட்டு நிக்க, இவன் மட்டும் ஒரு கைத் தண்ணியில, வரிசை தப்பாம, காது மடலுக்குப் பின்னாடி வரைக்கும் கழுவி முடிச்சுட்டான். பரம்பரை முஸ்லிம் பழக்கம், கை தானாப் போயிடுச்சு. அத்தோட முடிஞ்சுது கதை. வெளிய தள்ளிட்டாங்க. வித்த வியாபாரிக்குக் கசையடி. அவன் அமீரே ஆகியிருந்தாலும் சரி, சட்டம் ஒண்ணுதான். சுதந்திரமா, முஸ்லிமாப் பொறந்தவனை வித்தது செல்லாது. வித்தது செல்லாதுன்னா விடுதலை பண்ணினதும் செல்லாது. அது செல்லாதுன்னா அமீர் பட்டமும் செல்லாது. பட்டம் போனா தலை நிக்குமா கழுத்து மேல? இந்த ஊரைத் தவிர எல்லா ஊர்லயும் மனுசன் அடிமையா வந்ததை மறைச்சுப் பொழைப்பான். இங்க மட்டும்தான் நான் அடிமையாத்தான் வந்தேன்னு சத்தியம் பண்ணிப் பொழைக்கணும்.

மஞ்சத் தொப்பித் தம்பி கொட்டாவி விடறாரு. விடட்டும், நல்லது.

புள்ளைங்களா? ஒருத்தன் இருந்தான். ஷாபான் மாசத்துல பொறந்தான், அதே பேரு. அவனும் இந்த வில்லுப் பைத்தியம்தான். எங்க வீட்டு வாசல்ல எம்பிக் குதிச்சுத் தலையால மேல் நிலையைத் தொடப் பாப்பான், எட்டாது. எட்டுற அன்னிக்கு நான் பெரியவன்பா, அன்னிக்கு எனக்குத் தாத்தா வில்லைக் குடுக்கணும்பான். எட்டறதுக்கு முன்னாடியே போயிட்டான். ஒரு வியாபாரியோட வடக்க அனுப்பி வெச்சோம், தொழில் பழகட்டும்னு. அங்க கொள்ளைநோய். செய்திதான் வந்துச்சு. ஊர்ல எல்லாரும் வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போனாங்க. ஆனா எங்க வீட்டம்மாவைத் தெருவுல இன்னும் உம்மு ஷாபான்னுதான் கூப்பிடறாங்க, ஷாபானோட அம்மான்னு. கூப்பிட்ட பேரு கூப்பிட்டதுதானே.

அவ ஒரு ஊர்வலப் பைத்தியம் அமீரய்யா. எந்த ஊர்வலம்னாலும் நகரத்து ஸுவைலா வாசல்கிட்ட போய் நின்னுடுவா. ஹஜ்ஜுப் பள்ளிவாசலுக்குப் போத்துற திரை போகுதா, சுல்தான் பந்தாடப் போறாரா, அமீருங்க கோட்டைக்கு ஏறுறாங்களா, அவ அங்க இருப்பா. பொம்பளைக் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு நிப்பா. குதிரை மேல போற எந்தப் புண்ணியவானும் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. பாக்க முடியாதுதான். ஒரு அமீரு எங்களை மாதிரி ஆளைப் பாத்துத் தலையசைச்சாலே, ஏன்னு கேக்க நாலு பேரு இருப்பான். வீட்டு வாசப்படிய மிதிச்சா கேக்கவே வேணாம். எனக்குப் புரியுது. அவளுக்கும் புரியுது. புரிஞ்சா மட்டும் ஆறிடுமா?

இப்பப் போறதில்ல. ரம்ஜான்லேர்ந்து படுக்கை. வயித்துல கட்டி. வைத்தியர் வந்து நாடியப் புடிச்சுப் பாத்துட்டு, இஷ்டப்பட்டதைச் சாப்பிடக் குடுங்கன்னாரு. வைத்தியர் அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்க ஊர்லயும் தெரிஞ்சிருக்கும். காலைல கெளம்பறப்போ, சோதனை நடத்தறது யாருன்னு கேட்டா. அஸ்தமுர் அமீருன்னு உங்க பேரைச் சொன்னேன். அப்படியான்னா. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

சரி. ஆமா, பெரிய வில்லு. எடுத்துட்டேன். நிறைய பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க.

என்ன? பிடி தப்பா? எது, கட்டைவிரலா? இல்லீங்களே, சரியாத்தானே போட்டிருக்கேன். சுட்டுவிரலுக்கு மேலயா கீழயா? அங்கேர்ந்து சொன்னா காது கேக்கல அமீரய்யா, வயசாச்சு. இல்லீங்க, அந்தத் தம்பி வேணாம். பிடியத் திருத்தணும்னா சோதனை நடத்தறவர்தான் திருத்தணும், மூணாம் பாகத்துல எழுதியே இருக்கேன். நீங்களே எறங்கி வாங்க.

வாங்க. இன்னும் கிட்ட. பின்னாடி நின்னு ரெண்டு கையையும் புடிங்க.

ம்.

கை நல்லாக் காப்புக் காச்சிருக்கு.

திரும்பாத. மொகத்தை அப்படியே கடுகடுன்னு வெச்சுக்க, அந்த மஞ்சத் தொப்பி பாக்கறான். புஸ்தகம் எழுதினவனுக்குக் கட்டைவிரலு எங்க போகும்னு தெரியாதாடா? உன்னைக் கிட்ட வர வெக்க எனக்கு வேற வழி தெரியல. நல்லா நடிக்கிற. உன் அரபியைக் கேட்டு சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன். ஒம்பது வயசுல குர்ஆனை முழுசா ஓதினவன், தண்ணி குடுங்கன்னு சொல்ல நாலு தப்பு பண்றான்.

ஷாபான். நான் சொன்னது பூரா நெசம். உங்கம்மாவுக்கு இந்த வாரம் தாண்டாது.

அழுத்தாத, விரலு வலிக்குது. கேளு. ஊரைக் கேட்டா நான்தான் உன்னை அந்த வியாபாரிகிட்ட அனுப்பினேன்பாங்க. நான் ஒரு ராத்திரி பூரா சட்டம் பேசினவன், சுதந்திரமான புள்ளைய விக்கிறது பாவம், செல்லாதுன்னு. அவதான் சொன்னா, சட்டத்தை நீங்க படிங்க, புள்ளைய நான் பாத்துக்கறேன், உங்களை மாதிரி இவனும் மாடியில நின்னு காக்காய்க்கு வில்லு இழுத்துக் காட்ட வேணாம்னு. அந்த மலை ஊர்ல பொறந்தவ, உனக்கு சர்க்கேசிய பாஷையச் சொல்லிக்குடுத்தவ அவ. அரபியில கூப்பிட்டா திரும்பாதன்னு உன்னைப் பழக்கினவளும் அவதான். அதனால அவ உன்னைக் குத்தம் சொல்ல மாட்டா. பாக்கணும்னும் சொல்ல மாட்டா. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், போன மாசம், ஜுரத்துல. எட்டிருச்சான்னு கேட்டா. எனக்கு மொதல்ல வெளங்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, நிலையச் சொல்றா.

வெறுமனே நீ வர முடியாது. ஆனா தோத்தவன் வீட்டுக்கு அமீர் வந்துதான் ஆகணும், சுல்தான் உத்தரவு. உள்ள நொழஞ்சு ஒவ்வொரு அறையாப் பாக்கணும். கடைசி அறையில பொம்பளை படுத்திருக்கான்னு உன் ஆளுங்க வாசல்லயே நின்னுக்குவாங்க, அது மரியாதை. நீ மட்டும் உள்ள போவ. வில்லு அங்கதான் மாட்டியிருக்கு, அவ தலைமாட்டுல. அதை எடுக்கிற நேரம் உனக்கு. எடுத்துக்க. தாத்தா வில்லு பேரன் கைக்கு வர இந்த ராஜ்ஜியத்துல வேற வழி இல்ல. அப்பன்கிட்டேர்ந்து பறிமுதல் பண்ணினாத்தான் உண்டு. சட்டப்படி செல்லும், நான் பாத்துட்டேன்.

சம்பளமா? அது கெடக்கட்டும் விடு. பரகாத் கடையில அல்வா கிண்ட ஆள் வேணுமாம்.

ஆமா, இழுக்க முடியும். கண்ணை மூடிக்கிட்டு இழுப்பேன் இதை. காலம் பூரா இந்த ஒரு எடத்துலதான் நிக்கணும்னு ஆசைப்பட்டேன், கோட்டைக்கு முன்னாடி, கையில சுல்தான் வில்லோட, யார் மகன்னு உரக்கச் சொல்ல. நின்னாச்சு. மொத ரெண்டு வில்லு எனக்காக இழுத்தேன். இது உங்கம்மாவுக்கு.

சரி, விலகு. திட்டிக்கிட்டே விலகு. இன்னும் சத்தமா.

ஆகட்டும் அமீரய்யா, ஆகட்டும்! இப்பச் சரியா போட்டுட்டேன். டமாரக்காரரே, தயாரா? பிஸ்மில்லாஹ்... நெஞ்சு வரைக்கும் வந்துச்சு... ஊஹும்... வரலியே... ஐயையோ! கை நழுவிடுச்சுங்க. சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க. கெழவன் வாய்ச்சொல்லு வீரன்னு சொல்லுங்க. குமாஸ்தா, எழுதிக்குங்க, நெஞ்சுன்னு எழுதுங்க, காதுன்னு எழுதிடாதீங்க. சூதூன் மகன் யஹ்யா, மூணாவது வில்லு, தோல்வி. பேரை அடிச்சுட்டீங்களா? அழுத்தி அடிங்க, தெரியட்டும்.

அமீரய்யாவுக்கு சிரமம்தான், இன்னிக்கு ரெண்டு வீடு ஏறி எறங்கணும். எங்க வீட்டுக்கு மொதல்ல வந்துடுங்க, பரகாத் வீடு தாண்டி எங்கயும் போயிடாது. ஸுவைலா வாசலைத் தாண்டினதும் எடது பக்கச் சந்து. முனையில அவரைக்காய் வேக வெச்சு விக்கிறவன் இருப்பான். வாசல்ல அத்தி மரம். உங்களுக்குத் தெரியாத எடம், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, உம்மு ஷாபான் வீடுன்னு கேளுங்க.

இன்னொண்ணு அமீரய்யா. பழைய வீடு, வாசல் தாழ்வு. உங்க ஒசரத்துக்கு நிலை தலையில இடிக்கும். குனிஞ்சு வாங்க.